செம்பூர்ச் சரித்திரம் (அத்தியாயம் 6): எண்ணெயும் அணுவும் வந்த ஆண்டு

சென்ற வாரம் குப்பை ரயிலோடு நிறுத்தியிருந்தோம். 1896ஆம் ஆண்டு மாண்ட்வியில் தோன்றிய பிளேக் நோய் பம்பாய் ஜனங்களை லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடச் செய்ததும், நகரத்தைச் சுத்தப்படுத்தியாக வேண்டும் என்ற பீதியில் 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஏற்பட்டதும், அன்றாடம் சேரும் குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தவித்த நகரசபையின் பார்வை டிராம்பே தீவின் சதுப்பு நிலங்கள்மீது விழுந்ததும், 1906இல் குர்லாவிலிருந்து செம்பூருக்கு ஒற்றைத் தண்டவாளம் போடப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

மனிதர்களுக்கு முன்பே குப்பை பிரயாணம் செய்த அந்தப் பாதையில், பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1924இல்தான் பிரயாணிகள் ஏறினார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை ஹார்பர் பாதையில் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிற்று. குர்லாவில் வண்டி மாறினால் செம்பூர். தூரம் என்று பார்த்தால் பம்பாயின் வாசற்படிக்கு அது வந்துவிட்டது.

ஆயினும் பாதை வந்த மாத்திரத்தில் ஊர் வந்துவிடுவதில்லை.

பயணிகள் வண்டி வந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் செம்பூர் என்பது சில கிராமங்களின் கூட்டமாகவே இருந்தது. செம்பூர், கட்லா, போர்லா, தேவ்நார், மாஹுல், ஆணிக், மாண்ட்லே என்று தனித்தனிக் காவ்தான்கள். கடலோரத்தில் வலை உலர்த்தும் கோலியர். உப்பளத்திலும் நெல்வயலிலும் உழைத்த ஆக்ரிகள். போர்ச்சுக்கீசியர் காலத்திலிருந்து சிலுவை நட்ட முற்றங்களோடு வாழ்ந்துவந்த ஈஸ்ட் இந்தியன் கிறிஸ்தவர்கள். நடுவில் பனையும் சதுப்பும்.

1927ஆம் ஆண்டு அந்தச் சதுப்பின் ஒரு பக்கத்தைத் திருத்திப் பம்பாய் பிரஸிடென்ஸி கோல்ஃப் சங்கத்தார் தங்கள் மைதானத்தை அமைத்தார்கள். அதே ஆண்டில் மறு பக்கத்தில் தேவ்நார் குப்பைக்கிடங்கு நிலைபெற்றது. நகரம் தன் ஓய்வையும் தன் கழிவையும் ஒரே திசைக்கு அனுப்பிற்று. குடியிருக்க மட்டும் எவரும் பெருவாரியாக வரவில்லை. முப்பதுகளில் சாலைகள் போடப்பட்டு மனைகள் பிரிக்கப்பட்ட பின்பும் அங்கொரு பங்களா, இங்கொரு வீடு என்ற நிலைதான்.

ஆகையால் செம்பூர் என்ற ஊர் எப்போது பிறந்தது என்று என்னைக் கேட்டால், 1906 என்றோ 1924 என்றோ சொல்லமாட்டேன். 1947க்கும் 1958க்கும் இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் அது பிறந்தது. அவற்றுள்ளும் 1954ஆம் ஆண்டே அதன் ஜாதகத்தை எழுதிற்று என்பது என் அபிப்பிராயம். இந்த வாரம் அந்தப் பதினோரு ஆண்டுகளின் கதை.

* * *

முதலில் வந்தவர்கள் கப்பலில் வந்தார்கள்.

தேசப் பிரிவினையில் பஞ்சாபும் வங்காளமும் இரண்டாக வெட்டப்பட்டன, சிந்து வெட்டப்படவில்லை. முழுமையாகப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. பஞ்சாபி அகதிக்கு எல்லையின் இந்தப் பக்கத்திலும் ஒரு பஞ்சாப் இருந்தது. வங்காள அகதிக்கு ஒரு வங்காளம் இருந்தது. சிந்தி ஹிந்துவுக்குத் தன் பாஷை பேசும் ஒரு பிடி மண்கூட இந்தியாவில் கிடையாது.

1948 ஜனவரி 6ஆம் தேதி கராச்சியில் மூண்ட கலகத்துக்குப் பிறகு, இனி இங்கே இருப்பதற்கில்லை என்று தீர்மானித்த குடும்பங்கள் துறைமுகத்தை நோக்கி விரைந்தன. கராச்சியிலிருந்து கடல்வழியே நேர் பாதை பம்பாய்க்குத்தான். 1936 வரையில் சிந்து, பம்பாய் மாகாணத்தின் ஒரு பகுதியாகவே நிர்வகிக்கப்பட்டது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். வியாபாரம், வழக்குமன்றம், கல்லூரி என்று பல முகாந்தரங்களால் அவர்களுக்குப் பம்பாய் முன்பே பழகிய பெயர்.

அவர்களில் பெரும்பகுதியினரைக் கல்யாணுக்கு அருகிலிருந்த ராணுவ முகாம்களுக்கு அனுப்பினார்கள். அது பிற்காலத்தில் உல்லாஸ்நகர் ஆயிற்று. ஒரு பகுதியினரைச் செம்பூருக்கு அனுப்பினார்கள். ஏன் செம்பூர்? காலி நிலம் இருந்தது, ரயில் இருந்தது, ஆட்சேபிக்கக்கூடிய செல்வாக்குள்ள குடிகள் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் குப்பைக்கு இடம் தேடிய உத்தியோகஸ்தர்களுக்கு எந்தக் காரணங்கள் பொருத்தமாகத் தோன்றினவோ, ஏறக்குறைய அவையேதான் அகதிகளுக்கு இடம் தேடியவர்களுக்கும் பொருத்தமாகத் தோன்றின. இதை நான் கசப்போடு எழுதவில்லை. லட்சக்கணக்கில் மனிதர்கள் கரையிறங்கும்போது ஒரு சர்க்கார் எங்கே இடம் இருக்கிறதோ அங்கேதான் கூடாரம் அடிக்க முடியும். ஆனால் நடந்தது இதுதான்.

செம்பூர் கேம்ப் என்றும், கலெக்டர் காலனி என்றும், சிந்தி காலனி என்றும் இன்று பஸ் கண்டக்டர் கூவுகிற பெயர்கள் அந்த நாட்களில் இடப்பட்டவை.

வீடும் நிலமும் கடையும் விட்டு வந்தவர்கள், வந்த சில வருஷங்களுக்குள் தெருவோரத்தில் கடை பரப்பினார்கள். கடை பள்ளிக்கூடமாயிற்று, பள்ளிக்கூடம் கல்லூரியாயிற்று. சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஹஷு அத்வானி 1962இல் தொடங்கிய விவேகானந்த கல்விச் சங்கம், செம்பூரின் பிள்ளைகள் எந்தப் பாஷை பேசினாலும் அவர்களுக்குப் படிப்புக்கான வாசலாக அமைந்துவிட்டது. தமிழ்க் குடும்பங்களில் அந்த வாசலைக் கடக்காதவை இந்த வட்டாரத்தில் குறைவு.

அதே 1948இல், இதே செம்பூரில், ராஜ் கபூர் தம் ஆர். கே. ஸ்டூடியோவை நிறுவினார். அவரும் எல்லைக்கு அப்பாலுள்ள பெஷாவரில் பிறந்தவர். சினிமாவுக்கும் விசாலமான மலிவு நிலம் வேண்டியிருந்தது.

* * *

இந்த இடத்தில் மாட்டுங்காவைச் சற்றுப் பார்க்கவேண்டும். மாட்டுங்காவைப் பேசாமல் செம்பூர்த் தமிழரைப் பேச முடியாது.

பிளேக்குக்குப் பின் பிறந்த அபிவிருத்தி டிரஸ்டு தாதர்–மாட்டுங்காப் பகுதியைத் திட்டமிட்டு, அகன்ற தெருக்களும் மரங்களும் காற்றோட்டமுள்ள வீடுகளுமாக அமைத்ததை மூன்றாம் அத்தியாயத்தில் விரிவாகச் சொன்னோம். ரயில்வே கணக்கு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் வர்த்தக ஸ்தாபனங்களுக்கும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்த இளைஞர்களைத் தஞ்சாவூரும் பாலக்காடும் திருநெல்வேலியும் ஓயாது அனுப்பிவைக்க, அவர்கள் மாட்டுங்காவில் ஒரு தென்னாட்டையே நிறுவிக்கொண்டார்கள். 1923இல் ஆஸ்திக சமாஜம். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம். 1952இல் ஷண்முகானந்த சபை. கோயில், பள்ளிக்கூடம், கச்சேரி என்ற மூன்றும் நடந்து போகும் தூரத்தில் அமைந்துவிட்ட பிறகு தமிழனுக்கு வேறு ஊர் எதற்கு?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னது ஒரு சட்டம்.

1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாடகைகளை 1940 செப்டம்பர் மாதத்தின் அளவிலே கட்டிப்போட்டது. யுத்தகாலத்து விலைவாசியில் நசுங்கிய குடித்தனக்காரரைக் காக்கும் நல்ல நோக்கத்தோடு பிறந்த சட்டம்தான். ஆனால், பழைய வாடகைக்கு வீடு வைத்திருப்பவன் அதை விடமாட்டான். புதிதாக வருகிறவனுக்கு வீட்டுக்காரன் பழைய வாடகைக்குத் தரமாட்டான். இரண்டுக்கும் நடுவே பகடி என்ற முன்பணம் தலையெடுத்தது. ரசீதில்லாத அந்தத் தொகையை, மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் குமாஸ்தா எங்கிருந்து புரட்டுவான்?

கல்யாணமான புதிதில் மாட்டுங்காவில் அத்தையின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தவர்கள், மெஸ்ஸில் சாப்பிட்டு நண்பர்களோடு ஒரே அறையில் நெருங்கிக் கிடந்தவர்கள், குழந்தை பிறந்ததும் கிழக்கே பார்க்கத் தொடங்கினார்கள். சயானைத் தாண்டி, குர்லாவின் ஆலைப் புகையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஏதோ செம்பூராமே. அங்கே தண்ணீர் வருமா, பள்ளிக்கூடம் உண்டா, இரவில் வண்டி கிடைக்குமா?

1950 ஏப்ரல் 15ஆம் தேதி பம்பாய் நகரசபையின் எல்லை விரிந்தது. குர்லாவும் செம்பூரும் டிராம்பேயும் பம்பாய்க்குள் வந்தன. அதுவரையில் புறநகர் ஜில்லாவின் பிரஜையாக இருந்த செம்பூர்க்காரர் அன்று காலை கண்விழித்தபோது பம்பாய்வாசி ஆகியிருந்தார். தண்ணீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு முதன்முறையாக ஒரு முகவரி கிடைத்தது.

கேட்பதற்கு இடம் கிடைத்தது. பிழைப்புக்கு ஆதாரம் இன்னும் உள்ளூரில் இல்லை. உத்தியோகமெல்லாம் கோட்டையிலும் பல்லார்டு பியரிலும். பம்பாய்க்குப் படுக்கையறையாக இருந்து காலங்கழிக்கும் ஒரு சிற்றூராகவே செம்பூர் நின்றுபோயிருக்கக் கூடும். அப்படி நில்லாமற் போனதற்குக் காரணம், பாரசீக வளைகுடாவின் மறு கோடியில் நடந்த ஒரு சம்பவம்.

* * *

1951ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஈரான் தேசம், ஆங்கிலேயக் கம்பெனியின் வசமிருந்த தன் எண்ணெய்த் தொழிலைத் தேசியமயமாக்கிற்று. பிரதம மந்திரி மொசாடெக். அபாதான் என்ற துறைமுகத்தில் அக்காலத்து உலகத்திலேயே பெரிய சுத்திகரிப்பாலை இருந்தது. ஜூலை முடிவதற்குள் அது இயங்காமல் நின்றது. அக்டோபரில் கடைசி ஆங்கிலேயரும் கப்பலேறினார்கள்.

இதற்கும் செம்பூருக்கும் என்ன சம்பந்தம்?

அன்றைய இந்தியாவில் சொல்லும்படியாக இருந்த சுத்திகரிப்பாலை ஒன்றே ஒன்று: 1901இல் அஸ்ஸாமின் திக்பாயில் ஏற்பட்டது. அதன் உற்பத்தி நாட்டின் தேவையில் ஒரு மூலைக்கும் காணாது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் டீசலும் சுத்திகரிக்கப்பட்ட பண்டங்களாகவே கப்பலில் வந்திறங்கின. அவற்றில் கணிசமான பங்கு அபாதானிலிருந்து வந்தது. அபாதான் நின்றபோது, கிராமத்துக் குடிசையின் விளக்குவரை அதன் நிழல் விழுந்தது.

இந்திய மண்ணிலேயே சுத்திகரிப்பாலை அமைக்க வேண்டும் என்று சர்க்கார் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வெளிநாட்டுக் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. லாபம் போதாது என்று அவர்கள் தயங்கினார்கள். பிறர் மண்ணில் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் கட்டிவைப்பதன் அபாயத்தை அபாதான் அவர்களுக்குக் காட்டிற்று. அதன்பின் தயக்கம் நீங்கியது. 1951 நவம்பர் 30ஆம் தேதி ஸ்டாண்டர்டு–வாக்கூம் கம்பெனியும், அடுத்த மாதம் பர்மா–ஷெல் கம்பெனியும் இந்திய சர்க்காரோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. இருபத்தைந்து ஆண்டுகளுக்குத் தங்கள் ஆலைகளைத் தேசியமயமாக்கலாகாது என்ற வாக்குறுதியை அவர்கள் எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்பது விசேஷம். ஈரானில் பட்ட சூடு ஆறாத சமயம் அது.

இரண்டு ஆலைகளுக்கும் டிராம்பே தீவின் மாஹுல் பக்கத்தையே தேர்ந்தெடுத்தார்கள்.

காரணங்களைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. எண்ணெய் விற்கும் சந்தை பம்பாய். எண்ணெய்க் கப்பல் நிற்க ஆழமான துறைமுகம். நடுக்கடலில் புச்சர் தீவில் கப்பலை நிறுத்திக் கடலடிக் குழாய் வழியே கச்சா எண்ணெயைக் கரைக்குக் கொண்டுவரலாம். டிராம்பேயின் பிர் பாவ் துறையில் 1923 முதலே எண்ணெய் இறக்கிய பழக்கம் இருந்தது. ரயில் இருந்தது. நிலம் இருந்தது.

இவற்றோடு இன்னொன்றையும் நான் சேர்ப்பேன். 1944 ஏப்ரல் 14ஆம் தேதி விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் வெடிமருந்தோடு வெடித்துச் சிதறி, நூற்றுக்கணக்கான உயிர்களையும் துறைமுகத்தையொட்டிய தெருக்களையும் அழித்ததைப் பம்பாய் மறந்திருக்கவில்லை. எரியக்கூடியது எதுவாயினும் நகரத்தின் மார்பைவிட்டு விலகியே இருக்கட்டும் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையின் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. கிழக்குக் கரை அதற்கு ஏற்றதாகத் தோன்றியதில் வியப்பில்லை. அந்தக் கிழக்குக் கரையிலும் மனிதர்கள் இருந்தார்கள் என்பது எந்தத் திட்ட அறிக்கையின் கனத்தையும் கூட்டவில்லை.

மாஹுலின் கோலியர் தங்கள் வலைகளை உலர்த்திய கரைக்கு அருகே எஃகுக் கோபுரங்கள் எழுந்தன. 1954இல் ஸ்டாண்டர்டு–வாக்கூம் ஆலை இயங்கத் தொடங்கிற்று. 1955 ஜனவரியில் பர்மா–ஷெல் ஆலையும் இயங்கிற்று. 1956இல் அவற்றின் பக்கத்தில் டாடாவின் அனல்மின் நிலையமும் வந்தது. ஒப்பந்தத்தின் இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே அந்த இரு ஆலைகளும் சர்க்கார் உடைமையான கதையை எழுபதுகளுக்கு வரும்போது சொல்வோம்.

* * *

டிராம்பே குன்று உயரமானதன்று. ஆனால் அது செய்த காரியம் பெரிது. அதன் மேற்குச் சரிவில் எண்ணெய் எரிந்துகொண்டிருக்க, கிழக்குச் சரிவில் என்ன நடக்கிறது என்பது செம்பூருக்குத் தெரியாதபடி அது நடுவில் நின்றது.

கிழக்குச் சரிவைத் தேர்ந்தெடுத்தவர் ஹோமி பாபா. 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியவர், 1948இல் ஏற்பட்ட அணுசக்திக் கமிஷனின் தலைவர். உலகத்தின் வல்லரசுகள் இரகசியமாக வைத்திருந்த ஒரு வித்தையை, சுதந்திரம் பெற்று ஏழாண்டும் நிறையாத ஒரு ஏழை தேசம் தன் சொந்தக் கையால் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் பிடிவாதம் கொண்டிருந்தார். அதற்கு வேண்டிய இடம் நகரத்துக்கு அருகில் இருக்கவேண்டும், ஏனெனில் படித்தவர்கள் வரவேண்டும். நகரத்துக்கு அப்பாலும் இருக்கவேண்டும், ஏனெனில் அபாயம் உண்டு. குன்று ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், கடலில் எலிஃபண்டாவின் குகைத் தீவு. இதைவிடப் பொருத்தமான இடம் பம்பாயைச் சுற்றி எங்கே கிடைக்கும்?

1954 ஜனவரி 3ஆம் தேதி, டிராம்பேயில் அணுசக்தி நிலையம் அமைப்பதென்று கமிஷன் தீர்மானித்தது.

அந்த ஒரு தீர்மானத்தின் பலனாகச் செம்பூரின் முகம் மாறிற்று என்பதனால் இங்கே சற்று நிதானிப்போம். எண்ணெயாலை, தொழிலாளியையும் எஞ்சினியரையும் அழைத்தது. அணுசக்தி நிலையம் அழைத்ததோ பௌதிகமும் ரசாயனமும் கணிதமும் படித்துப் பட்டம் பெற்ற இளைஞரை. அன்றைய இந்தியாவில் அப்படிப்பட்டவர்களை நிறைய உற்பத்தி செய்த கல்லூரிகள் எங்கே இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். சென்னையிலும் திருச்சியிலும் திருவனந்தபுரத்திலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும். சென்னையில் பம்பாய் ரயில் ஏறிய எத்தனையோ பையன்களுக்குச் செம்பூர் என்ற பெயரை முதன்முதலில் அறிமுகப்படுத்தியது ஒரு நியமன உத்தரவுதான். திருவனந்தபுரத்தில் பிறந்த பி. கே. ஐயங்காரும், 1962இல் சேர்ந்த ஆர். சிதம்பரமும் இந்தக் குன்றின் மறுபுறம் உழைத்து, பின்னாளில் ஒருவர்பின் ஒருவராக அந்த நிலையத்துக்கே இயக்குநர் ஆனார்கள்.

முதல் உலை ஒரு தண்ணீர்த் தொட்டியில் அமைந்தது. எரிபொருள் இங்கிலாந்திலிருந்து வந்தது. மற்றவை அனைத்தையும் நம்மவர்களே, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், வடிவமைத்துக் கட்டினார்கள். 1956 ஆகஸ்டு 4ஆம் தேதி பிற்பகல், கட்டுப்பாட்டுத் தண்டுகள் மெல்ல மெல்ல உயர்த்தப்பட, அணுப்பிளவு தானே தன்னைத் தொடர்ந்து நடத்திக்கொள்ளும் அந்த நிலையை உலை எட்டியது. சோவியத் நாட்டை விலக்கிவிட்டுப் பார்த்தால் ஆசியாவிலேயே முதல் அணுஉலை. 1957 ஜனவரி 20ஆம் தேதி நேரு வந்து நிலையத்தைத் தேசத்துக்கு அர்ப்பணித்தார். தொட்டி நீரில் தெரிந்த நீல ஒளியைக் கண்டு அந்த உலைக்கு அப்ஸரா என்று பெயரிட்டவரும் அவரே.

குர்லாவிலிருந்து குப்பை வண்டி வந்த தீவில் இது நடந்து முடிய ஐம்பது ஆண்டுகளே ஆகியிருந்தன.

அந்த 1954ஆம் ஆண்டிலேயே மூன்றாவதாக ஒன்றும் வந்தது. 1936இல் நாக்பாடாவில் சமூகசேவைப் பள்ளியாகத் தொடங்கிய டாடா சமூக விஞ்ஞான நிலையம், இடம் போதாமல், தேவ்நாருக்குக் குடிபெயர்ந்தது. ஏழ்மையைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் அதன் வாசலைவிட்டு இறங்கினால் அது கண்முன்னே இருந்தது. அந்த நிலையத்துக்கு அதைவிடத் தகுந்த இடம் பம்பாயில் இல்லை என்று நான் நினைப்பதுண்டு.

* * *

இனி வீடுகள்.

ஆலையும் ஆராய்ச்சியும் வந்தபின் குடியிருக்க இடம் கேட்டுக் கூட்டம் கூடிற்று. பம்பாய் வீட்டுவசதி போர்டு 1955 முதல் 1958 வரை செம்பூரில் வரிசை வரிசையாகக் காலனிகளைக் கட்டியது. ஸ்டேஷன் காலனி பிறகு சுபாஷ் நகர் ஆயிற்று. டவுன்ஷிப் காலனி திலக் நகர் ஆயிற்று. ஷெல் காலனிக்குச் சஹகார் நகர் என்று பெயர் மாற்றியும், ஆட்டோக்காரரிடம் இன்றும் ஷெல் காலனி என்றால்தான் வண்டி நகர்கிறது.

சிறு அறைகள், ஆனாலும் பகடி இல்லை. மாட்டுங்காவின் கூடத்தில் பாய் விரித்தவர்களுக்கு அது போதுமாயிருந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, ஆபீஸ் நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து மனை வாங்கி, மூன்று மாடிக் கட்டிடம் எழுப்பி, வாசலில் கோலமிட்டுக் குடிபுகுந்த குடும்பங்களும் உண்டு. வாழையிலைக்கும் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாட்டுங்காவுக்குப் பயணம்; கச்சேரிக்கும் பஞ்சாங்கத்துக்கும் மாட்டுங்கா; பெண் பார்க்கவும் மாட்டுங்கா. மெதுவாக, ஒவ்வொன்றாக, அந்தப் பயணங்கள் குறைந்தன. ஒரு நாள் செம்பூர் ஸ்டேஷன் வாசலிலேயே வாழையிலை கிடைத்தது.

செம்பூரின் தனித்தன்மை இந்த ஆண்டுகளில்தான் உருவாயிற்று. மாட்டுங்காவில் தமிழன் தமிழனுக்கு நடுவில் வாழ்ந்தான். செம்பூரில் அவனுக்கு ஒரு பக்கம் சிந்தி, மறு பக்கம் மராத்தி, எதிர்வீட்டில் மலையாளி, பின்தெருவில் ஈஸ்ட் இந்தியன் கிறிஸ்தவர். தீபாவளிக்கு முறுக்குத் தட்டு போனால் சிந்தி வீட்டிலிருந்து இனிப்போடு திரும்பிவந்தது. எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். ஒருவரை ஒருவர் அந்நியர் என்று சொல்ல எவருக்கும் அருகதை இல்லாதிருந்ததே இந்த ஊரின் பாக்கியம். காவ்தான்களின் ஆதிக்குடிகளுக்கு மட்டுமே அந்த அருகதை இருந்தது. அவர்கள் அதை உபயோகிக்கவில்லை என்பதைச் செம்பூரின் சரித்திரம் நன்றியோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது, வேலைக்கான உத்தரவோ வீட்டுக்கான ஒதுக்கீடோ கையில் வைத்திருந்தவர்களின் கதை. இரண்டும் இல்லாமல் வந்தவர்கள் எங்கே போனார்கள்?

ஆலைகளைக் கட்டிய கைகள், குழாய்க்குப் பள்ளம் தோண்டிய தோள்கள், காலனிகளுக்குச் செங்கல் சுமந்த பெண்கள், இவர்களுக்கென்று எந்தப் போர்டும் காலனி கட்டவில்லை. அவர்களும் வந்தார்கள். தாராவியின் தோல் பதனிடும் கொட்டில்களிலிருந்தும், மழை பொய்த்த தென்மாவட்டங்களிலிருந்தும், தங்கச் சுரங்கம் வற்றிக்கொண்டிருந்த கோலாரிலிருந்தும் வந்தார்கள். அவர்களில் ஒரு பெரும்பகுதியினருக்குத் தீவின் உட்புறத்தில், மாண்ட்லேக்கும் டிராம்பேக்கும் இடையில், ஓரிடம் அகப்பட்டது. அதன் பெயர் ஜனதா காலனி.

அவர்களாகவே அங்கே போய் ஒளிந்துகொண்டவர்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. பம்பாயின் உள்பகுதிகளில் குடிசை போட்டிருந்தவர்களை அப்புறப்படுத்தி, இதோ உங்கள் இடம் என்று காட்டி அங்கே கொண்டுபோய் விட்டது நகரசபைதான். சதுப்பை அவர்கள் தூர்த்தார்கள். கூரை வேய்ந்தார்கள். தமிழும் மலையாளமும் உருதுவும் மராத்தியும் பேசும் சந்துகள் உண்டாயின. கோயிலும் மசூதியும் மாதாகோயிலும் எழுந்தன. எழுபதுகளில் அங்கே ஏறக்குறைய 70,000 பேர் வாழ்ந்தார்கள்.

அந்தக் காலனிக்குப் பக்கத்தில்தான் ஹோமி பாபாவின் வேலி இருந்தது.

வேலிக்கு உள்ளே நிலையம் வளர்ந்தது. அதன் உத்தியோகஸ்தர்களுக்கு இடம் தேவைப்பட்டது, அதன் காவலுக்கு வெளி தேவைப்பட்டது. வேலிக்கு வெளியே குடும்பங்கள் வளர்ந்தன. சர்க்காரின் ஒரு கை கொடுத்த நிலத்தின்மீது மற்றொரு கையின் பார்வை விழுந்தது. எந்தக் கை பலமானது என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை.

1963ஆம் ஆண்டு, கோலார் தங்கவயலிலிருந்து பதினாறு பதினேழு வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்து, ஜனதா காலனியை அடைந்தார். கையில் தச்சுத் தொழில், தங்க வீடில்லை. பெயர் ஜோக்கின் அற்புதம். தேசத்தின் பெருமைக்குரிய ஒரு மாபெரும் ஸ்தாபனம் தன் வேலியை நகர்த்த விரும்பும்போது, சட்டமும் போலீசும் தில்லியும் அதன் பக்கம் நிற்கும்போது, ஒரு தச்சரும் 70,000 ஏழைகளும் அதை எத்தனை நாள் தடுத்து நிறுத்த முடியும்?

(தொடரும்)